ஹால்வார் வைத்த இடம்

ஸ்கீயில் ஓடி நடுநடுவே துப்பாக்கியால் குறி சுடுகிற உலக ஜூனியர் பயத்லான் போட்டி எங்கள் பள்ளத்தாக்குக்கு வருகிறது என்று தெரிந்ததும் ஊரில் எல்லோருக்கும் தலைகால் புரியவில்லை. எனக்கு மட்டும் எரிச்சலாக இருந்தது. எத்தனையோ நாட்டுப் பிள்ளைகள், அவர்களுடைய பயிற்சியாளர்கள், தொலைக்காட்சிக்காரர்கள், அத்தனை பேருக்கும் நாங்கள் வாஃபிள் சுட்டுப் போட வேண்டும், பாதையில் பனி தள்ள வேண்டும், கழிப்பறை கழுவ வேண்டும். சம்பளம் கிடையாது, ஊர்வேலை. ஊர்வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்கிறவரோடு எங்கள் ஊரில் அப்புறம் யாரும் ஒரு வாய் காபி குடிக்க மாட்டார்கள்.

எனக்குச் சுடுதளத்தில் வேலை போட்டிருந்தார்கள். போட்டிக்கு முன்னால் பெண்கள் துப்பாக்கியைச் சரிபார்த்துக்கொள்வதற்குக் காகிதக் குறிகளை மாட்ட வேண்டும். போட்டி தொடங்கியதும் மாற்றுத் துப்பாக்கிகளை அடுக்கியிருக்கும் சட்டத்தின் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். எவளுடைய துப்பாக்கியாவது பழுதானால் அவள் கையைத் தூக்குவாள். அவள் நாட்டுத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். வாயைத் திறக்கக் கூடாது. அங்கே நிற்கும் நாங்கள் ஒரு வார்த்தை யோசனை சொன்னாலும் அந்தப் பெண்ணின் பெயரை அடித்துவிடுவார்கள்.

"உன்னைப் போய் வாயைத் திறக்காத வேலைக்குப் போட்டிருக்காங்களே தூர்ஹில்ட், எந்தப் புத்திசாலி யோசனை இது?" என்றாள் ராக்னா. தபால் கடையில் இருப்பவள். என்னோடு காகிதம் மாட்ட வந்திருந்தாள்.

"உன்னை வாஃபிள் பக்கம் விடலையே, அதே புத்திசாலிதான். விட்டிருந்தா வந்த நாடெல்லாம் பட்டினி."

அவள் சிரித்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "முடியுமா உன்னால? அந்தக் குறிப்பலகைகிட்ட நடந்து போக?"

"காலு இருக்கில்ல, நடப்பேன்," என்றேன். ராக்னாவுக்கு இரக்கம் வந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அந்தச் சுடுதளத்தைப் பல வருடம் பார்த்துக்கொண்டவர் என் கணவர் ஹால்வார். போன செப்டம்பரில், பனி விழாத ஒரு சாயங்காலம், எங்கள் மகள் ரூனாவின் துப்பாக்கியில் குறி பார்க்கும் வளையத்தை அங்கேதான் உட்கார்ந்து சரிசெய்தார். அந்த வளையத்துக்கு இரண்டு திருகுகள். ஒன்று மேலே கீழே, இன்னொன்று இடம் வலம். திருப்பினால் கிளிக் என்று ஒரு சத்தம். ஒவ்வொரு கிளிக்குக்கும் குண்டு ஒரு மயிரிழை நகரும். அவள் சுடுவாள், இவர் தொலைநோக்கியில் பார்த்துவிட்டு வந்து தன் கையாலேயே திருப்புவார். கடைசியில் ஐந்து குண்டும் ஒரே ஓட்டையில் விழுந்தன. "இப்போ சரி. இனிமே தொடாதே," என்று சொல்லிவிட்டுக் காகிதத்தை எடுத்துவர நடந்து போனார். குறிப்பலகையின் அடியில் உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

தொடாதே என்று அவர் சொன்னது பேச்சுக்குத்தான். காற்று மாறினால், குளிர் மாறினால் திருப்பித்தான் ஆக வேண்டும். ஆனால் ரூனா எண்ணித் திருப்புவாள். மூன்று கிளிக் இடப்பக்கம் போனால், போட்டி முடிந்ததும் மூன்று வலப்பக்கம். எந்த ஊருக்குப் போனாலும் அவள் அப்பா வைத்த இடத்துக்கே கொண்டுவந்து வைத்துவிடுவாள். பிறகு என்னைக் கூப்பிடுவாள். எத்தனையாவதாக வந்தாய் என்று நான் முதலில் கேட்டதே இல்லை.

"வச்சிட்டியா?"

"வச்சிட்டேம்மா. அதே இடம்."

அதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கும். அப்பா மேல் அந்தப் பெண்ணுக்கு அவ்வளவு உயிர் என்று நினைத்துக்கொள்வேன். அவள் வீட்டில் இருக்கும் நாட்களில் துப்பாக்கிப் பெட்டியைத் திறந்து அந்தத் திருகைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். தொட மாட்டேன். ஹால்வாரின் சட்டைகளைத் தேவாலயத்துக்குக் கொடுத்துவிட்டேன், ஸ்கீக்களை அண்டைவீட்டானுக்குக் கொடுத்துவிட்டேன். அவர் கையால் கடைசியாக முடித்த வேலை அது ஒன்றுதான் மிச்சம்.

ஜூனியர் அணியின் புதுப் பயிற்சியாளன் எய்வினுக்கு இது எதுவும் தெரியாது. வடக்கத்திக்காரன். நல்லவன்தான், ஆனால் வாய் ஓயாது. புதுத் தோட்டா வந்திருக்கிறது, எல்லோரும் வளையத்தை முதலிலிருந்து வைத்துக்கொள்ளுங்கள் என்று ஜனவரியில் சொல்லியிருக்கிறான். ரூனா மாட்டேன் என்றுவிட்டாள். "உங்க பொண்ணு தலையில கருங்கல்லைத்தான் வச்சிருக்கா, தூர்ஹில்ட்," என்று என்னிடமே வந்து சொன்னான். எனக்கு மனசு குளிர்ந்தது.

ரூனாவுக்கு ஜூனியர் வயது இந்த வருடத்தோடு முடிகிறது. இந்தத் தனிப் போட்டியில் முதல் ஆறு பேருக்குள் வந்தால் பெரியவர்கள் அணிக்கு எடுப்பார்கள். வராவிட்டால் துப்பாக்கியை விளையாட்டு மன்றத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு இலையுதிர் காலத்தில் நர்ஸ் படிப்புக்குப் போக வேண்டியதுதான். எட்டு வயதிலிருந்து இதற்காகவே எழுந்து, இதற்காகவே தூங்கிய பெண்.

போட்டியன்று காலையில் நல்ல குளிர், காற்று இல்லை. மூச்சு மீசையில் உறைகிற குளிர் என்று ஹால்வார் சொல்வது இதைத்தான். நானும் ராக்னாவும் காகிதங்களை மாட்டிவிட்டு வந்தோம். பெண்கள் வரிசையாகப் படுத்துச் சுட்டார்கள். பின்னால் எய்வின் தொலைநோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு, "ரெண்டு இடம், ரூனா. ஒண்ணு மேல," என்றான். அவள் கை திருகுக்குப் போனது. ரெண்டு, ஒண்ணு என்று நானும் மனதுக்குள் எண்ணிக்கொண்டேன். கடைசியில் அவளுடைய காகிதத்தை நான் கழற்றப் போனபோது ஐந்து ஓட்டையும் ஒரு கட்டைவிரல் அகலத்துக்குள் அடங்கியிருந்தன. ஹால்வார் உட்கார்ந்த அந்த இடத்தில் நின்று நான் அழவில்லை. ராக்னா பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுக்கு முன்னால் அழுவதாவது.

ஸ்கீயில் சுற்றிவந்து சுட வேண்டும், மறுபடி சுற்றிவந்து சுட வேண்டும். இப்படி நான்கு முறை. முதலில் படுத்து, அடுத்து நின்று, திரும்பவும் படுத்து, திரும்பவும் நின்று. தவறும் ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு நிமிடம் கூட்டிவிடுவார்கள். ஒரு நிமிடம் என்றால் இந்த விளையாட்டில் ஒரு யுகம்.

முதல் முறை ரூனா வந்து படுத்தாள். கறுப்பு வட்டங்கள் ஐந்தும் ஒன்றன்பின் ஒன்றாக வெள்ளையாகின. ஒவ்வொன்றுக்கும் மேடை மேலிருந்து கூட்டம் கத்தியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாட்டுமணிகளை ஆட்டினார்கள். அறிவிப்பாளர் அவள் பெயரைச் சொல்லி, இதுவரை வந்தவர்களில் இவள்தான் முன்னால் என்றார். நான் மாற்றுத் துப்பாக்கிகளுக்குப் பக்கத்தில் கம்பம்போல நின்றேன். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

பாதையில் ஆலையை ஒட்டி இறங்கும் சரிவில் ஒரு வளைவு உண்டு. நிழலிலேயே கிடப்பதால் பனி கண்ணாடியாகிவிடும். அடுத்த சுற்றில் அங்கே முன்னால் போன போலந்துப் பெண் சறுக்கி விழுந்திருக்கிறாள். பின்னால் வந்த ரூனா அவள் மேல் மோதிக் குப்புற விழுந்து, முதுகிலிருந்த துப்பாக்கி பனிக்கட்டியில் இடித்து, இருவரும் ஒருவர் காலில் ஒருவர் சிக்கி எழுந்திருக்கிறார்கள். பெரிய திரையில் காட்டினார்கள். கூட்டம் "ஓ" என்றது. எழுந்தவள் முதுகுப் பக்கம் கையை விட்டு எதையோ தடவிப் பார்த்தாள். பிறகு கிளம்பிவிட்டாள்.

நின்று சுட வந்தபோது மூன்று தவறின. விழுந்த படபடப்பு என்று நினைத்தேன். எய்வின் அப்படி நினைக்கவில்லை. தொலைநோக்கியைவிட்டுப் பாதையோரம் ஓடிப்போய், அவள் கடக்கும்போது தொண்டை கிழியக் கத்தினான்.

"எல்லாம் வலப்பக்கமே போகுது! எட்டு கிளிக் இடம் வை! கேக்குதா? எட்டு!"

பாதையோரத்தில் அவன் கத்தலாம், அது அனுமதி. எனக்குத்தான் அனுமதி இல்லை.

மூன்றாம் முறை அவள் வந்தபோது எனக்கு நேர் எதிரே இருந்த பாய்தான் காலியாக இருந்தது. வந்து படுத்தாள். அவள் வலது கை திருகின் மேல் போனது. நான் எண்ணத் தயாரானேன். ஆனால் கிளிக் விழவில்லை. கை அங்கேயே நின்றது. அவள் தலையைத் திருப்பினாள். சுடும்போது எந்தப் பெண்ணும் பின்னால் திரும்பிப் பார்ப்பதில்லை, அவள் பார்த்தாள். என்னை நேராகப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. நான் பார்த்துக்கொண்டிருந்தது அவள் முகத்தைக்கூட இல்லை, திருகின் மேல் இருந்த கையை.

அவள் கையை எடுத்துவிட்டாள். எடுத்துவிட்டுச் சுட்டாள். ஐந்தும் தவறின. ஒரு கறுப்பு வட்டம்கூட அசையவில்லை. கூட்டம் முதல் இரண்டுக்கு "ஓ" என்றது, அப்புறம் அடங்கிவிட்டது. மணி ஆட்டிய பிள்ளைகள்கூடப் பேசாமல் நின்றார்கள். எய்வின் தொப்பியைக் கழற்றிப் பனியில் வீசினான்.

எல்லோருக்கும் அது அவமானமாக இருந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. உலகமே பார்த்துக்கொண்டிருக்க, பதக்கம் போனாலும் போகட்டும், அப்பா வைத்ததை விட்டு எட்டு கிளிக் தள்ளிப்போக மாட்டேன் என்று என் பெண் நிற்கிறாளே என்று பூரித்துப்போனேன். காற்று மாறினால் எண்ணித் திருப்பி, எண்ணியே பழைய இடத்துக்குக் கொண்டுவந்தவள்தானே, இப்போது ஏன் எட்டுக்குப் பயப்படுகிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் பின்னால் சட்டத்தில் எங்கள் நாட்டு மாற்றுத் துப்பாக்கி சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அவள் கையைத் தூக்கவும் இல்லை.

கடைசி முறை நின்று சுட்டதில் நான்கு தவறின. பந்தயம் முடிந்து பலகையில் அவள் பெயரைத் தேட வெகுதூரம் கீழே போக வேண்டியிருந்தது.

எய்வின் அவளை எல்லைக்கோட்டுக்குப் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டான். நான் போனபோது அவள் வளைந்து முட்டியில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏன் திருப்பலை? நான் கத்துனது கேக்கலையா?"

"கேட்டுது."

"பின்னே?"

"பதறிட்டேன்," என்றாள் ரூனா. "கை வரலை."

எய்வினுக்குக் கோபம் வடிந்துவிட்டது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "சரி. ரிலேக்கு உன் இடத்துல வேற ஆளைத்தான் போடணும். பதறுற ஆளை நான் பெரிய அணிக்குச் சிபாரிசு பண்ண முடியாது, ரூனா. தெரியும்ல?" என்றான்.

"தெரியும்."

அவள் பதறுகிற பெண்ணே இல்லை. மாட்டுக்கொட்டிலில் தீப்பிடித்தபோது மாடுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டவள். தன் வாயாலேயே அப்படிச் சொல்லிக்கொண்டாள், நானும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பாவுக்காகச் சொல்கிறாள் என்று அப்போதும் நம்பினேன்.

துப்பாக்கியை மன்றத்துக் குடிசைக்குக் கொண்டுபோனோம். ஊரில் துப்பாக்கி பழுது பார்க்கிறவர் ஸ்டெய்னார், ஹால்வாரின் கூட்டாளி. மனிதர்களோடு அதிகம் பேச மாட்டார். மேசை மேல் வைத்து விளக்கை இழுத்துப் பார்த்தவர் உச்சுக்கொட்டினார்.

"திருகோட மூடி பேந்து போயிருக்கே. வளையமே ஒரு பக்கம் சாஞ்சு நிக்குது. இது தடவிப் பார்த்தாலே தெரியுமேம்மா. இதை வச்சுக்கிட்டு எப்படி அத்தனை தடவை சுட்டே?"

ஸ்டெய்னார் என் முகத்தைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். எண்ணெய் எடுத்துவர வேண்டும் என்று சொல்லிவிட்டு, எண்ணெய்ப் புட்டி கண்ணெதிரே இருக்க, வெளியே போய்விட்டார்.

"உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"ம்."

"எப்போ?"

"விழுந்து எழுந்தப்பவே. கையை விட்டுப் பார்த்தேன். மூடி இல்லை, வளையம் ஆடுச்சு."

"அப்போ அப்பா வச்ச இடம்..."

"அங்கேயே போச்சும்மா. அந்த வளைவுலேயே."

பெஞ்சில் உட்கார்ந்தேன். என்னிடம் இருந்தது கோபம்தான், அதையே எடுத்து அவள் மேல் போட்டேன்.

"தெரிஞ்சு போச்சில்ல? போனது போச்சில்ல? பின்னே ஏண்டி திருப்பலை? அவன்தான் எட்டு எட்டுன்னு கத்துறானே! திருகு வேலை செய்யலைன்னா கையைத் தூக்கியிருக்கலாமே, மாத்துத் துப்பாக்கி இருந்துச்சே!"

"திருகு வேலை செஞ்சுது. எட்டு வச்சிருந்தா குறைஞ்சது நாலு விழுந்திருக்கும்."

"பின்னே?"

"யாருகிட்டம்மா கையைத் தூக்குறது? நீதானே அங்க நின்னுட்டிருந்தே?"

எனக்குப் புரியவில்லை. உண்மையிலேயே புரியவில்லை. அவள் கையுறையைக் கழற்றி, விரல்களைத் தேய்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"கையை வச்சேன். திரும்பிப் பார்த்தா நீ என் கையையே பார்த்துட்டு நிக்கிறே. நான் திருப்பினா நீ எண்ண ஆரம்பிப்பே. சாயங்காலம் வந்து, வச்சிட்டியான்னு கேப்பே. எங்கம்மா வைக்கிறது? வைக்க இடமே இல்லையே. அத்தனை பேரு முன்னால, வாயைக்கூடத் திறக்க முடியாம நிக்கிற நேரத்துல, அது உனக்குத் தெரிய வேணாம்னு நினைச்சேன். அதான் கையை எடுத்துட்டேன்."

"அப்போ இத்தனை நாளா எனக்காகவா?"

"முதல்ல எனக்காகத்தான். டிசம்பர் வரைக்கும் எனக்கும் வேணும்போலத்தான் இருந்துச்சு." விரல்களைத் தேய்ப்பதை நிறுத்தினாள். "அப்புறம் நீ சாப்பிடறதுக்காக."

எய்வினிடம் ஓட வேண்டும் என்று எழுந்தேன். அவள் பதறவில்லை, தவறு என்னுடையது, அவளைத் தண்டிக்காதே, என்னைத் தண்டி என்று அவன் சட்டையைப் பிடித்துச் சொல்ல வேண்டும். கதவுவரை போய்விட்டேன்.

"போகாதேம்மா," என்றாள். "என்னன்னு சொல்லுவே? ரிலேக்கு வேற பேரைக் கொடுத்தாச்சு. ஆறு பேர்ல நான் இல்லைங்கறதும் எழுதியாச்சு. நீ போய்ப் பேசினா அம்மாவைப் பார்த்துப் பயந்துட்டாள்னுதான் ஆகும். அதுக்குப் பதறினதே தேவலை."

அவள் சொன்னது சரி. செய்வதற்கு ஒன்றும் இல்லை. அவளுடைய பதின்மூன்று வருட உழைப்பு அந்தப் பாயில் எனக்கு எதிரே கிடந்தது. நான் வாயைத் திறக்காமல், விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்து, பார்த்துக்கொண்டே நின்று அதைத் தீர்த்துவிட்டேன். ஒரு தலையசைப்பு போதும். அதற்கு எந்த அதிகாரியும் என்னை ஒன்றும் செய்திருக்க மாட்டார்.

திரும்பி வந்து அவள் முன்னால் நின்றேன். செப்டம்பரிலிருந்து ஒரே ஒரு வார்த்தை மட்டும் என் வாயில் வந்ததில்லை. பாதிரியாரிடம்கூட 'அந்தச் சாயங்காலம்' என்றுதான் சொன்னேன். வங்கியில் கேட்டபோது 'அவர் இப்போது இல்லை' என்றேன், ஏதோ கடைக்குப் போயிருப்பதுபோல. ராக்னா ஒருமுறை அந்த வார்த்தையைச் சொன்னதற்காக அவளோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தேன்.

"ரூனா," என்றேன். "அப்பா செத்துட்டாருடி."

"ஆமாம்மா," என்றாள். "செத்துட்டாரு."

பிறகு முகத்தை என் வயிற்றில் புதைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளையில் அழுததுபோலச் சத்தம்போட்டு அழுதாள். இத்தனை மாதத்தில் அவள் என் எதிரில் ஒருமுறைகூட அழுததில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.